வாசகர் கேள்வி – பதில்: ஒரு கிளிக்கின் விலை

கேள்வி: வேலூர் காந்தி ரோடு அருகே சிறிய லாட்ஜ் நடத்துகிறேன். ‘வேலூர்’, ‘வேலூர் மருத்துவமனை’ ஆகிய கீவேர்டுகளுக்குக் கூகுளில் விளம்பரம் கொடுத்துள்ளேன். ஒரு கிளிக்குக்கு 20 ரூபாய் வரை தருவதாகப் போட்டும், 12 ரூபாய் மட்டுமே போட்டிருக்கும் பக்கத்து லாட்ஜின் விளம்பரம்தான் மேலே வருகிறது. அன்றாட பட்ஜெட்டும் மதியத்துக்குள் தீர்ந்துவிடுகிறது. தொகையை உயர்த்தட்டுமா?
– வாசகர், வேலூர்

பதில்: இப்போதைக்கு உயர்த்தாதீர்கள். 1998இல் அமெரிக்காவில் கோட்டூ என்ற தேடல் தளம் கிளிக்குகளை ஏலத்தில் விற்கத் தொடங்கியபோது, அதிகம் கொடுப்பவருக்கே முதலிடம் என்பதுதான் விதி. யாரும் தொடாத விளம்பரம்கூட பெரிய தொகையின் பலத்தில் மேலே உட்கார்ந்துகொள்ளும். தேடியவருக்கும் பயனில்லை, கிளிக் விழுந்தால்தான் காசு என்பதால் தளத்துக்கும் வருமானமில்லை. கூகுள் 2002இல் கிளிக் ஏலத்துக்கு வந்தபோது, சொல்லப்படும் தொகையோடு அந்த விளம்பரம் கிளிக் செய்யப்படும் வாய்ப்பையும் சேர்த்துக் கணக்கிட்டது. இன்று, தேடிய சொல்லுக்கு விளம்பரம் எவ்வளவு பொருந்துகிறது, கிளிக் செய்தவர் சென்று சேரும் பக்கம் எவ்வளவு உதவுகிறது என்பவையும் பார்க்கப்படுகின்றன. தொகை நீங்கலான இவற்றைச் சேர்த்துத் ‘தரம்’ என்று வைத்துக்கொள்வோம். இந்த ஏலம் ஒவ்வொரு தேடலுக்கும் புதிதாக நடக்கிறது.

எளிமைப்படுத்திய கணக்கு ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் 20 ரூபாய்க்குத் தரம் 4 என்றால் பெருக்குத்தொகை 80. பக்கத்து லாட்ஜின் 12 ரூபாய்க்குத் தரம் 8 என்றால் 96, முதலிடம் அவருக்கு. மூன்றாமவர் 10 ரூபாய், தரம் 5 என்றால் 50. கட்டணமோ அவரவர் சொன்ன தொகை அன்று. தமக்கு அடுத்த கீழிடத்தில் இருப்பவரைத் தாண்டுவதற்குப் போதுமான தொகைதான். ஆகவே முதலிடத்தில் இருப்பவர் 80ஐ 8ஆல் வகுத்து ஏறத்தாழ 10 ரூபாயும், இரண்டாமிடத்தில் இருக்கும் நீங்கள் 50ஐ 4ஆல் வகுத்து ஏறத்தாழ 12 ரூபாய் 50 காசும் கட்டுவீர்கள். கீழே நின்றுகொண்டு மேலே இருப்பவரைவிட அதிகம் கொடுக்கும் இந்த நிலையைத்தான் முதலில் மாற்ற வேண்டும். தொகையை ஏற்றினால் மேலே போகலாம், ஆனால் தரம் உயராததால் ஒரு கிளிக்குக்கு இன்னும் அதிகம் கட்ட வேண்டிவரும்.

உங்கள் கீவேர்டுகளே பாதிக் காரணம் என்று நினைக்கிறேன். ‘வேலூர்’ என்று தேடுபவர் கோட்டையைப் பார்க்க வருபவராகவோ, வேலை தேடுபவராகவோ இருக்கலாம். ‘வேலூர் மருத்துவமனை’ என்று தேடுபவர் பெரும்பாலும் டாக்டரின் அப்பாயின்ட்மென்ட்டைத் தேடுகிறார். அவர்கள் தெரியாமல் தொட்டாலும் காசு உங்களுடையது. ‘சி.எம்.சி. அருகில் லாட்ஜ்’, ‘வேலூரில் சமையல் வசதியுள்ள அறை’ போன்ற நீளமான சொற்றொடர்களை எடுத்துக்கொண்டு, ‘வேலை’, ‘அப்பாயின்ட்மென்ட்’, ‘ரிப்போர்ட்’ ஆகியவற்றை விலக்க வேண்டிய சொற்களாகச் சேர்த்துவிடுங்கள். எந்தெந்தச் சொற்களைத் தேடியவர்கள் உண்மையில் கிளிக் செய்தார்கள் என்ற பட்டியலும் உங்கள் கணக்கிலேயே கிடைக்கும், வாரம் ஒருமுறை அதைப் பாருங்கள்.

மற்றொன்று, உங்கள் வாடிக்கையாளர் வேலூரில் உட்கார்ந்து மட்டும் தேடுவதில்லை. மேற்கு வங்கத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளியை அழைத்து வரும் குடும்பத்தினர் பலர், காட்பாடியில் இறங்கும் முன்பே அறையைத் தேடிவிடுகிறார்கள். வேலூரில் இருப்பவர்களுக்கு மட்டும் என்று இட அமைப்பை வைத்திருந்தால் அவர்களை முழுவதும் இழக்கிறீர்கள். வங்க மொழியிலும் இந்தியிலும் தனித்தனி விளம்பரம் எழுதி, மருத்துவமனை வாசலுக்கு எத்தனை நிமிட நடை, வாடகை எவ்வளவு, அடுப்பும் பாத்திரமும் கிடைக்குமா, லிஃப்ட் உண்டா என்பதை விளம்பரம் கொண்டுசேர்க்கும் பக்கத்தின் முதல் திரையிலேயே எழுதுங்கள். கவலையோடு வரும் ஒருவருக்கு இது உண்மையான உதவி. தரமும் இதனால்தான் உயரும்.

எவ்வளவு கொடுக்கலாம் என்பதைப் பக்கத்து லாட்ஜைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். நூறு கிளிக்கில் மூவர் அறை எடுத்து, ஒவ்வொருவராலும் செலவு போக 400 ரூபாய் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், கிளிக்குக்கு 12 ரூபாய் கொடுத்தாலே மிச்சம் ஒன்றுமில்லை. ஆனால் சிகிச்சைக்கு வருபவர்கள் வாரக்கணக்கில் தங்குவதுண்டு என்பதால், ஓர் இரவின் லாபத்தை அன்றி முழுத் தங்கலின் லாபத்தை வைத்தே உங்கள் உச்சவரம்பைக் கணக்கிட வேண்டும்.

கேள்வி: ஆரணிப் பட்டு விற்கிறேன். நாளொன்றுக்கு 300 ரூபாய் என்று போட்டிருந்தும் ஒரு நாள் 540 ரூபாய் எடுத்துவிட்டார்கள். இது சரியா?
– வாசகி, ஆரணி

பதில்: விதிப்படி சரிதான். தேடல் அதிகமுள்ள நாளில் அன்றாட பட்ஜெட்டைப் போல இருமடங்கு வரை கூகுள் செலவழிக்கலாம். ஆனால் மாத மொத்தம், அன்றாடத் தொகையின் 30.4 மடங்கை, அதாவது உங்களுக்கு 9,120 ரூபாயைத் தாண்டக் கூடாது. முகூர்த்த மாதங்களில் இந்த ஏற்ற இறக்கம் உங்களுக்கு நன்மையாகவும் அமையலாம். இதற்கு மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. தனி என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கேள்வி: போட்டிக் கடைக்காரர் என் விளம்பரத்தை வேண்டுமென்றே பலமுறை கிளிக் செய்தால்?
– வாசகர், வாலாஜாப்பேட்டை

பதில்: ஒரே இடத்திலிருந்து திரும்பத் திரும்ப விழும் கிளிக்குகளைக் கூகுள் தானாகவே கண்டறிந்து விலக்க முயல்கிறது, பின்னர் தெரியவந்தாலும் பணத்தைக் கணக்கில் வரவு வைக்கிறது. ‘செல்லாத கிளிக்குகள்’ என்ற நெடுவரிசையை அறிக்கையில் சேர்த்துப் பாருங்கள். அதையும் மீறிச் சந்தேகம் இருந்தால், தேதி, நேர விவரத்துடன் விசாரணை கோரலாம்.