மார்பகப் புற்றுநோய் அறுவையும் மார்புச் சீரமைப்பும்: வேலைக்குப் போகும் பெண்களின் கேள்விகளுக்கு அறுவை மருத்துவர் பதில்

வங்கி ஊழியர், 41, திருச்சி: 2 சென்டிமீட்டர் கட்டி, டாக்டர். கட்டியை மட்டும் எடுத்தால் போதும் என்கிறார் சர்ஜன். வீட்டிலோ முழு மார்பையும் எடுக்கச் சொல்கிறார்கள். சீக்கிரம் வேலைக்குத் திரும்ப வேண்டும்.

பதில்: உங்கள் சர்ஜன் சொல்வது சரி. இத்தாலியில் வெரோனேசி, அமெரிக்காவில் ஃபிஷர் என்ற இரண்டு சர்ஜன்கள் நடத்திய ஆய்வுகளில் பெண்களை 20 ஆண்டு தொடர்ந்து கவனித்தார்கள். முடிவு 2002இல் வந்தது. கட்டியை எடுத்துக் கதிர்வீச்சு பெற்றவர்களும் முழு மார்பை எடுத்தவர்களும் ஒரே அளவு பிழைத்திருந்தார்கள். மார்பைக் காத்தால் நோய் அதே இடத்தில் திரும்பும் வாய்ப்பு சற்றுக் கூடுதல். அதனால்தான் கதிர்வீச்சைத் தவிர்க்கக் கூடாது.

கட்டி மட்டும் என்றால் பெரும்பாலோர் ஒன்றிரண்டு வாரத்தில் மேசை வேலைக்குத் திரும்புகிறார்கள். கதிர்வீச்சு இப்போது பல இடங்களில் 15 தடவை, மூன்று வாரம். மெஷினில் சில நிமிடம்தான், போக்குவரத்தும் காத்திருப்பும்தான் இழுக்கும். காலை முதல் நேரத்தைக் கேட்டு வாங்குங்கள். கீமோ உண்டா என்று தெரிந்த பிறகு லீவுக் கணக்கு போடுங்கள்.

ஐடி ஊழியர், 36, சென்னை: முழு மார்பையும் எடுக்கிறார்கள். கூடவே இம்ப்ளாண்ட் (உள்ளே வைக்கும் செயற்கை மார்பு) வைத்துவிட்டால் லீவு மிச்சம்தானே?

பதில்: கதிர்வீச்சு வருமா என்று கேட்டீர்களா? அது தெரியாமல் இம்ப்ளாண்டுக்குச் சம்மதிக்காதீர்கள். கதிர்வீச்சு பட்டால் அதைச் சுற்றித் தழும்பு இறுகி, வலித்து, மறு ஆபரேஷன் வரை போவதுண்டு. வயிற்றுச் சதையில் மார்பு அமைக்கும் முறைக்கு ஆறு முதல் எட்டு வாரம் லீவு வேண்டும், ஆனால் அது உங்கள் சொந்தத் திசு. சீரமைப்பைத் தள்ளியும் போடலாம், சில வருஷம் கழித்துக்கூட. லீவை வைத்து முறையைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

ஆசிரியை, மதுரை: முழுசா எடுத்தால் திரும்ப வராதுதானே?

பதில்: வரலாம். முதல் பதிலைப் படியுங்கள்.

ஒரு கணவர், வேலூர்: பயாப்சிக்கு, அதாவது பரிசோதனைக்குத் திசு எடுக்க, குத்தும் ஊசியால் புற்றுநோய் பரவுமா?

பதில்: பரவாது. தள்ளிப்போடாதீர்கள்.

அரசு ஊழியர், 52, கோவை: இந்த வயதில் புது மார்பு எதற்கு, டாக்டர்? நோய் திரும்பினால் அதை மறைத்துவிடுமே.

பதில்: மறைக்காது. அந்தப் பக்கம் திரும்பும் நோய் பெரும்பாலும் தோலை ஒட்டியே வரும், கைக்குத் தட்டுப்படும். வயதைப் பார்ப்பதா வேண்டாமா என்பது அவரவர் முடிவு.

ஜவுளிக்கடை ஊழியர், 57, சேலம்: கோவை அம்மாவுக்கு ஒன்று சொல்கிறேன். நாள் முழுக்க நின்று புடவை எடுத்துப் போடுகிறேன். பிளவுஸ் ஒரு பக்கம் ஏறிக்கொண்டே இருக்கிறது. எனக்கு வேண்டும்.

கோவை: தப்பாகச் சொல்லவில்லை, அக்கா. பிராவுக்குள் சிலிகான் வைத்துக்கொண்டால் போதாதா? எட்டு மணி நேரம் மயக்கத்தில் கிடக்க வேண்டுமா?

சேலம்: மே மாத வியர்வையில் அதை வைத்துப் பார்த்துச் சொல்லுங்கள், அம்மா.

பதில்: இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். கோவை அம்மா, வேண்டாம் என்பது உங்கள் உடம்பைப் பொறுத்தவரை முழுமையான முடிவு. இன்னொருவரிடம் வயதைச் சொல்லி வாயை அடைப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. 'இந்த வயதில் எதற்கு' என்று வீட்டில் கேட்டதால் பிளாஸ்டிக் சர்ஜனைப் பார்க்காமலே போனவர்கள் நிறையப் பேர். சேலம் அம்மா, சர்க்கரை இருந்தால் முதலில் கட்டுக்குள் கொண்டுவாருங்கள், காயம் ஆறுவது அதைப் பொறுத்தது. கதிர்வீச்சு முடிந்திருந்தால் இம்ப்ளாண்டை விடச் சொந்தச் சதையைப் பற்றிக் கேளுங்கள். அதுவரைக்கும் பிராவுக்குள் நூலில் பின்னிய செயற்கை மார்பு வைக்கலாம், சிலிகானை விட லேசு.

பனியன் கம்பெனி, திருப்பூர்: லீவு போட்டால் சம்பளம் போய்விடும். அதனால் ஆபரேஷனைத் தள்ளலாமா?

பதில்: தள்ளாதீர்கள். ஈஎஸ்ஐ (தொழிலாளர் அரசுக் காப்பீடு) இருக்கிறதா? சாதாரண நோய்க்கு 70 சதவீதச் சம்பளம், ஆண்டுக்கு 91 நாள் வரை. புற்றுநோய் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருப்பதால் 80 சதவீதம், இரண்டு ஆண்டு வரை நீளும். இரண்டு ஆண்டு தொடர்ந்து வேலையில் இருந்து சந்தா போயிருக்க வேண்டும், ஈஎஸ்ஐ மருத்துவரின் சான்றும் வேண்டும். 

கல்லூரி அலுவலர், தஞ்சை: டாக்டர், முழுசா எடுத்துவிட்டால்...

பதில்: மறுபடியும் அதே கேள்வியா, அம்மா? மேலே சொல்லிவிட்டேன்.

செவிலியர், நாகர்கோவில்: ஸ்கூட்டர் எப்போது ஓட்டலாம்?

பதில்: காயத்து நீரை வடிக்கும் டிரெயின் டியூப் எடுத்து, கை வலியில்லாமல் தோளுக்கு மேல் போய், திடீர் பிரேக் பிடிக்க முடிந்த பிறகு, உங்கள் சர்ஜனிடம் கேட்டுக்கொண்டு. அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகளை எடுத்திருந்தால் கைப்பயிற்சியை விடாதீர்கள். வார்டில் நோயாளிகளைத் தூக்கும் வேலையைக் கொஞ்ச காலம் வேறொருவரிடம் மாற்றிக் கேளுங்கள். கை கனத்தாலோ வளையல் இறுகினாலோ கை வீங்குகிறது என்று அர்த்தம், உடனே காட்டுங்கள்.