மிளாவா, புள்ளிமானா, கேளையாடா? நெல்லை வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

களக்காடு மலையடியில் வாழை போட்டிருக்கிறோம். ராத்திரி வந்து மேய்வது மிளாவா, பன்றியா?

முதலில் மண்ணைப் பாருங்கள். பன்றி கிழங்குக்காக மரத்தடியைக் கிளறிப் போட்டிருக்கும். மிளா, அதாவது கடமான், தோண்டாது; இலையும் குருத்தும்தான் அதற்கு வேண்டும். மான்களுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. அதனால் கடித்த இடம் பிய்ந்து நார்நாராக நிற்கும். தரையை ஒட்டி, கத்தி வைத்ததுபோல் சாய்வாக அறுபட்டிருந்தால் முயல்.

அடுத்தது தடம். பன்றியின் காலில் முன்குளம்புகளுக்குப் பின்னால் உள்ள இரண்டு சின்னக் குளம்புகள் அகலமாக விலகி, ஓரளவு கெட்டியான மண்ணிலும் பதியும். மிளாவுக்குச் சேற்றில் கால் அழுந்தினால்தான் அவை தெரியும். மிளாத் தடம் சுமார் 7 முதல் 9 செ.மீ. நீளம், புள்ளிமானுடையது 5 செ.மீ.க்குச் சற்றுக் கூடுதல். ஈரமண்ணில் குளம்பு விரிவதால் சின்ன மானும் பெரிதாகத் தெரியும். வரப்பு ஓரத்துக் கெட்டித் தடத்தை அளந்தால் ஏமாற மாட்டீர்கள். பயிர்ச் சேத இழப்பீட்டு மனுவுக்குப் படம் எடுக்கும்போது தடத்தின் பக்கத்தில் ஓர் அளவுகோலை வையுங்கள்.

வேலிக் கம்பியில் வீட்டு மின்சாரத்தை நேராகக் கொடுக்கவே கூடாது. குற்றம் என்பது ஒருபுறம். விடியற்காலை முதலில் அதைத் தொடப்போவது உங்கள் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சுகிறவர்தான்.

மிளாக் கொம்பிலும் புள்ளிமான் கொம்பிலும் மும்மூன்று கிளை. எது யாருடையது?

மிளாக் கொம்பு தடித்தது, சொரசொரப்பானது. அடிக்கிளை குறுகிய கோணத்தில் மேலே ஏறும். புள்ளிமான் கொம்பு மெலிந்து, யாழ்போல் வளைந்து நீளும். அடிக்கிளை ஏறக்குறைய செங்கோணத்தில் முன்னால் நீட்டியிருக்கும். கொம்பு இல்லாததெல்லாம் பெட்டை என்று முடிவு கட்டாதீர்கள். கடா கொம்பை உதிர்த்துவிட்டு மறுபடி வளர்க்கும். காப்புக்காட்டில் கிடக்கும் உதிர்ந்த கொம்பை எடுத்துவருவதும் குற்றமே.

பாபநாசத்துக்கு மேலே ராத்திரி நாய் குரைக்கிறது. காட்டுக்குள் ஏது நாய்?

கேளையாடு. முக்கால் மீட்டருக்கு மேல் உயராத செம்பழுப்பு மான். கடாவுக்கு மேலுதட்டுக்கு வெளியே சிறு கோரைப்பல் தெரியும். விடாமல் நெடுநேரம் குரைக்கும். புலி வந்துவிட்டது என்று உடனே சொல்லாதீர்கள். மனித நடமாட்டத்துக்கும் குரைக்கும். மிளாவின் எச்சரிக்கைக் குரல் வேறு: 'டாங்' என்று ஒற்றை ஓசை, இடைவெளி, மறுபடி அதே ஓசை.

வல்லநாட்டுச் சரணாலயத்தில் இருக்கும் கறுப்பு மான் எது?

வெளிமான். அது மான் குடும்பமே அல்ல, மாட்டுக் குடும்பத்து இரலை. முறுக்குக் கொம்பு உதிராது, கிளைக்காது. முதிர்ந்த கடா மட்டும் கறுக்கும். பெட்டையும் இளங்கடாவும் பழுப்பு நிறம்தான். 1987இல் அறிவிக்கப்பட்ட அந்தச் சரணாலயம் 16 சதுர கி.மீ.க்குச் சற்றே அதிகம். மேற்கு மலைக்காட்டில் வெளிமானைத் தேட வேண்டாம். அதற்குத் திறந்த வெளி வேண்டும்.

உரிமம் வாங்கி வேட்டையாடக்கூடிய மான் எது?

எதுவும் இல்லை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் எல்லா மானுக்கும் பொருந்தும். முயலளவே உள்ள சருகுமானுக்கும்தான்.

புதரில் தனியாகக் கிடக்கும் புள்ளிக் குட்டியை என்ன செய்வது?

தொடாதீர்கள். தாய் அதை ஒளித்துவைத்துவிட்டு மேயப் போயிருக்கும். புள்ளி இருப்பதாலேயே அது புள்ளிமான் குட்டி ஆகிவிடாது. கேளைக்குட்டிக்கும் முதலில் புள்ளி உண்டு. காயம்பட்டிருந்தாலோ நாய் சூழ்ந்திருந்தாலோ மட்டும் வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். பசும்பால் புகட்டினால் கழிச்சல் கண்டு செத்துப்போகும்.