"நோட்டில் கையெழுத்து மட்டும் கேட்கிறார்கள், டீச்சர்"

முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளில் வேலை பார்த்துத் தலைமையாசிரியையாக ஓய்வு பெற்றவள் நான். அரசுப் பள்ளிக்காக ஊரையும் அரசியல்வாதிகளையும் எப்படித் திரட்டுவது என்று பலர் கேட்டு எழுதியிருந்தீர்கள். சிலருக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: பள்ளி மேலாண்மைக் குழுவில் நான் உறுப்பினர். கூட்டம் என்று கூப்பிட்டு, நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள். இதனால் என்ன பயன், டீச்சர்? (இரு பிள்ளைகளின் தாய், செஞ்சி)

அந்த நோட்டுக்குத் தீர்மானப் பதிவேடு என்று பெயர், அம்மா. "வாசித்துக் காட்டுங்கள், பிறகு கையெழுத்துப் போடுகிறேன்" என்று அடுத்த முறை சொல்லிப் பாருங்கள்.

இதைச் சொல்லும் நானே ஒரு காலத்தில் அப்படிக் கையெழுத்து வாங்கி அனுப்பியவள்தான். நூறு நாள் வேலைக்குப் போகும் ஒரு தாய் ஒருநாள் நகராமல் நின்று, வாசிக்கச் சொன்னார். "குடிநீர் வசதி திருப்திகரம்" என்று வாசித்தேன். குழாயில் தண்ணீர் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அன்று எனக்கு வந்த வெட்கத்துக்குப் பிறகுதான் எங்கள் பதிவேட்டில் உண்மை எழுதப்பட்டது.

2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டப்படி இந்தக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதும் இந்தக் குழுவின் வேலை. மானியம் கேட்பதற்கு அதுதான் அடிப்படை. தமிழ்நாட்டில் குழுவின் தலைவரும் பெற்றோர்தான். எனவே தண்ணீர் வரவில்லை என்றால் வரவில்லை என்றே தீர்மானத்தில் எழுதுங்கள். அதன் நகலை எடுத்துக்கொண்டு கிராம சபைக்குப் போங்கள். ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. தனியாகப் போகாதீர்கள், பத்துத் தாய்மார்கள் சேர்ந்து முன்வரிசையில் உட்காருங்கள்.

கேள்வி: "பள்ளியின் தரத்தை உயர்த்த வேண்டும்" என்று எம்.எல்.ஏ.விடம் மூன்று முறை மனு கொடுத்தோம். பதிலே இல்லை. (இளைஞர் மன்றச் செயலாளர்)

தம்பி, தரத்தை உயர்த்துவதற்கு அவர் எந்தக் கோப்பில் கையெழுத்துப் போடுவார்? "ஒழுகுகிற வகுப்பறைக்குப் பதிலாகப் புதிய வகுப்பறை" என்று கேளுங்கள். தொகுதி மேம்பாட்டு நிதியில் கட்டடம் கட்டித் தர அவரால் முடியும். ஆசிரியர் போதவில்லை என்றால் வட்டாரக் கல்வி அலுவலரிடம் போக வேண்டும். அங்கேயும் கணக்கோடு போங்கள்: தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை 3 பேர் என்று சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது. 74 பிள்ளைகளுக்கு 2 பேர் இருந்தால் உங்கள் மனு இரண்டே வரியில் முடிந்துவிடும்.

கட்டடம் வந்தால் எம்.எல்.ஏ.வைத் திறப்பு விழாவுக்குக் கூப்பிடுங்கள். கல்வெட்டில் அவர் பெயர் இருக்கட்டும், எந்தக் கட்சியானால் என்ன.

கேள்வி: திட்டம் நல்லதாக இருந்தால் மக்கள் ஆதரவு தானாக வராதா? (கல்லூரி மாணவி)

வராது. அதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் 1953இல் ராஜாஜி கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம். பள்ளியில் பாதி நேரம், மீதி நேரம் வீட்டில் பெற்றோரின் தொழில். பள்ளியும் பணமும் பற்றாத காலத்தில் அதே கட்டடத்தில் கூடுதல் பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அரசின் கணக்கு. எதிர்த்தவர்கள் அதற்குக் "குலக்கல்வித் திட்டம்" என்று பெயர் வைத்தார்கள். 1954இல் ராஜாஜி பதவி விலகினார். அடுத்து வந்த காமராஜர் திட்டத்தைக் கைவிட்டார்.

"எடுத்துச் சொன்ன விதம்தான் சரியில்லை" என்று சிலர் இன்றும் சொல்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சலவைத் தொழிலாளியின் மகனைப் பாதி நாள் ஆற்றுத் துறைக்குத் துணி துவைக்க அனுப்பும் திட்டத்தை எவ்வளவு இனிமையாகச் சொன்னாலும் அந்தத் தகப்பனுக்குப் புரிந்துவிடும்.

அதற்கு நேர்மாறானது மதிய உணவு. 1956இல் அது பரவத் தொடங்கியபோது பல ஊர்களில் அரிசியும் பருப்பும் ஊராரே கொடுத்தார்கள். பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1958 முதல் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் பெஞ்சு, கரும்பலகை, கட்டடம் என்று மக்கள் தந்தார்கள். ஒரு மரக்கால் அரிசி கொடுத்த மனிதர் மறுநாள் பள்ளிப் பக்கம் வந்து சோறு வெந்திருக்கிறதா என்று பார்ப்பார். அந்தப் பழக்கத்தை எந்த அரசாணையாலும் உண்டாக்க முடியாது. எம்.ஜி.ஆர். 1982இல் அதைச் சத்துணவாக விரித்தார், 2022இல் காலை உணவும் சேர்ந்தது. ஆட்சிகள் மாறினாலும் தட்டில் கைவைக்க எந்தக் கட்சியும் துணியவில்லை.

கேள்வி: மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காடு இட ஒதுக்கீடு என்பது சலுகைதானே? (தனியார் பள்ளிப் பெற்றோர்)

ஐயா, பயிற்சி மையத்துக்கு லட்சக்கணக்கில் கட்டிய பிள்ளையையும் கட்ட முடியாத பிள்ளையையும் ஒரே தேர்வு எழுத வைத்தது நீட். அதற்குப் பிறகு அரசுப் பள்ளியிலிருந்து மருத்துவக் கல்லூரிக்குப் போனவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்ற நிலை இருந்தது. நீதிபதி கலையரசன் குழு 10 விழுக்காடு பரிந்துரைத்தது, அரசு 7.5 என்று முடிவு செய்தது. 2020 செப்டம்பரில் சட்டமன்றத்தில் ஆளும் கட்சியும் எதிர்க்கட்சியும் சேர்ந்து நிறைவேற்றின. ஆளுநரின் ஒப்புதல் தாமதமானபோது அக்டோபர் 29 அன்று அரசாணையே வந்தது. மறுநாள் ஒப்புதலும் வந்தது. அந்த ஆண்டே முந்நூறுக்கும் மேற்பட்ட எம்.பி.பி.எஸ். இடங்கள் அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்தன.

கேள்வி: தனியார் பள்ளிகளில் 25 விழுக்காடு இலவச இடங்கள் சமத்துவத்துக்கு உதவாதா? (பெயர் வேண்டாம்)

சேர்ந்த பிள்ளைக்கு உதவும். ஆனால் விண்ணப்பம் போட்டு அலைந்து இடம் வாங்கும் திராணி உள்ள பெற்றோர்தான் அரசுப் பள்ளியில் சண்டை போடக்கூடியவர்கள். அவர்களை இழந்துவிடுகிறோம்.

கேள்வி: கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் பிள்ளைகள் எங்கே படித்தார்கள்? (ஒரு ஆசிரியர்)

மூத்தவள் மெட்ரிகுலேஷன் பள்ளியில். வேன் வீட்டு வாசலுக்கே வந்தது, நானும் எல்லோரையும் போலத்தான் நினைத்தேன். இளையவனை நான் வேலை பார்த்த பள்ளியிலேயே சேர்த்தேன். கழிப்பறைக்குக் கதவு இல்லை என்று நான்கு ஆண்டுகளாக மனு எழுதிக்கொண்டிருந்தேன். அவன் முதல் வகுப்புக்கு வந்த மாதம் ஒன்றிய அலுவலகத்துக்கு நேரில் போய் உட்கார்ந்துகொண்டேன். மூன்றாம் நாள் தச்சர் வந்தார்.