வெப் பக்கத்துல லிங்க்குக்கு அடிக்கோடு எதுக்கு, கலர் மட்டும் பத்தாதா?

பத்தாதுங்க, நிறக்குருடு இருக்கறவங்களுக்கு அந்தக் கலர் வித்தியாசம் தெரியாமப் போகலாம். நிறக்குருடுன்னா பார்வையே இல்லைன்னு இல்லீங்க, சில நிறங்களைப் பிரிச்சுப் பார்க்க முடியாது, அவ்வளவுதான். கண்ணுக்குள்ள நிறம் பிரிக்கிற கூம்பு செல் 3 வகை இருக்கு, அதுல சிவப்புக்கோ பச்சைக்கோ உள்ளது இல்லாமப் போனாலோ சரியா வேலை செய்யலைன்னாலோ சிவப்பும் பச்சையும் குழம்பிப் போயிரும், அந்த ஜீன் எக்ஸ் குரோமோசோம்ல இருக்கறதால ஆம்பளைங்களுக்குத்தான் அதிகம்.

இப்ப கருப்பு எழுத்துக்கு நடுவுல அடர் சிவப்புல ஒரு லிங்க் வெச்சு அடிக்கோட்டையும் எடுத்துட்டா அவங்களுக்கு அது சும்மா இன்னொரு வார்த்தை. காந்திபுரம் பஸ் ஸ்டாண்டுல நம்பரும் போர்டும் இல்லாம பெயின்ட்டைப் பார்த்து பஸ் ஏறுங்கன்னு சொல்ற மாதிரிதான்.

அடிக்கோட்டை எடுக்காதீங்க. அழகு கெட்டுப்போகுதுன்னு டிசைனருங்க சொல்லுவாங்க, அதை என்னால துளியும் ஏத்துக்க முடியலீங்க. கோடே வேண்டாம்னா பக்கத்து எழுத்துக்கும் லிங்க்குக்கும் 3:1 கான்ட்ராஸ்ட்டாவது, அதாவது வெளிச்ச வித்தியாசமாவது இருக்கோணும், பின்னணியோட 4.5:1, மவுஸ் கொண்டு போனாலும் கீபோர்டுல டேப் அடிச்சு வந்தாலும் கோடு தெரியோணும், ஆனா போன்ல பாக்கறவங்களுக்கு மவுஸ் ஏது?

நிறக்குருடு இருக்கறவங்களுக்கு எல்லாமே கருப்பு வெள்ளையாத் தெரியும்னு நிறைய பேர் நினைக்கறாங்க, அது ரொம்ப அபூர்வமுங்க, பெரும்பாலானவங்களுக்கு நீலம் நல்லாவே தெரியும், ஆனா கருநீலம் கருப்போட ஒட்டிக்கும், அதனால நீலம் போட்டாச்சு போதும்னு விட்டுராதீங்க.