சிலுவை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஐயா, கொலைக் கருவியைப் போய் யாராவது கழுத்தில் அணிவார்களா?

பதில்: நியாயமான கேள்வி, தம்பி. ரோமர்கள் சிலுவையை அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்குமென்றே வைத்திருந்தார்கள். கி.மு. 71இல் அடிமைகளின் தலைவன் ஸ்பார்ட்டகஸின் கலகத்தை ஒடுக்கியபின், இத்தாலியின் கப்புவா நகரிலிருந்து ரோம் வரை சாலை நெடுக 6,000 பேரைச் சிலுவையில் அறைந்தார்கள். அந்தச் சாவைவிட அதன் அவமானமே பெரிது. ரோமின் பாலடைன் குன்றில் கிடைத்த பழைய சுவர்க் கிறுக்கலில் கழுதைத் தலையோடு ஒருவன் சிலுவையில் தொங்குகிறான். 'அலெக்ஸமெனோஸ் தன் கடவுளை வணங்குகிறான்' என்று பக்கத்தில் கேலி. அப்படி இகழப்பட்டவர்களின் வரிசையில்தான் கடவுள் வந்து நின்றார் என்பது எங்கள் விசுவாசம். அணிவது அதனால்தான்.

கேள்வி: கோபத்தைத் தணிக்கப் பெற்ற மகனையே பலி கேட்ட தகப்பனை எப்படி அன்புள்ளவர் என்பது?

பதில்: அப்படிப் பிரசங்கிப்பவர்கள் உண்டு, கேட்கும்போதெல்லாம் எனக்கு மனம் நோகிறது. பவுல் சொல்வது வேறு: கிறிஸ்துவுக்குள் இருந்து உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கியவர் தேவனே (2 கொரிந்தியர் 5:19). பிதா தள்ளி நின்று வேடிக்கை பார்க்கவில்லை. ஆதிப் பிதாக்கள், அதாவது தொடக்கக்காலச் சபையின் போதகர்கள், சிலுவையைச் சாவின்மேல் கிடைத்த வெற்றி என்றார்கள். 11ஆம் நூற்றாண்டில் இறையியலாளர் அன்செல்ம், மனிதன் கடவுளுக்குச் செலுத்தத் தவறிய கனத்தைக் கிறிஸ்து செலுத்தினார் என்றார். 16ஆம் நூற்றாண்டின் புராட்டஸ்டண்ட் சீர்திருத்தக்காரர்கள், நமக்குரிய தண்டனையை அவர் ஏற்றார் என்றார்கள். சபைகள் பொதுவாகச் சொல்லும் நைசியா விசுவாசப் பிரமாணமோ 'நமக்காக' என்பதோடு நிறுத்திக்கொள்கிறது. விளக்கங்களில் ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றவரைச் சபைக்கு வெளியே தள்ள நமக்கு உரிமை இல்லை.

கேள்வி: 'ஏன் என்னைக் கைவிட்டீர்' என்று இயேசு கதறினாரே, விசுவாசம் போய்விட்டதா?

பதில்: இல்லை. அது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி. கைவிடப்பட்ட நிலையிலும் 'என் தேவனே' என்றுதான் கூப்பிடுகிறார்.

கேள்வி: கத்தோலிக்கச் சிலுவையில் உருவம் இருக்கிறது, எங்கள் சபைச் சிலுவையில் இல்லை. எது சரி?

பதில்: இரண்டும். ஒன்று அவர் மரித்த வெள்ளிக்கிழமையைக் காட்டுகிறது, மற்றொன்று உயிர்த்தெழுந்த ஞாயிற்றுக்கிழமையை. சென்னை பரங்கிமலையில் 1547இல் கண்டெடுக்கப்பட்ட பஹ்லவி என்னும் பழைய பாரசீக எழுத்துள்ள சிலுவையிலும் உருவம் இல்லை. அதை வைத்திருப்பது கத்தோலிக்க ஆலயம்தான்.

கேள்வி: கணவர் தினமும் அடிக்கிறார். 'அது உன் சிலுவை, சுமந்துகொள்' என்கிறார்கள் சபையில்.

பதில்: அம்மா, அது தவறான போதனை. நாசரேத்தில் மலையுச்சியிலிருந்து தள்ள வந்தவர்களிடமிருந்து இயேசு விலகிப் போனார் (லூக்கா 4:30). கல்லெறிய வந்தபோது மறைந்துகொண்டார் (யோவான் 8:59). உயிரைத் தாமாகவே கொடுப்பதாகவும், அதை ஒருவனும் தம்மிடமிருந்து பறிக்கவில்லை என்றும் அவரே சொல்கிறார் (யோவான் 10:18). பிறர் உங்கள்மேல் திணிக்கும் வன்முறை அந்தச் சிலுவை அல்ல. நம்பகமானவர் ஒருவரின் வீட்டுக்குப் போய்விடுங்கள். பெண்களுக்கான உதவி எண் 181ஐ அழையுங்கள். உங்களைத் திருப்பி அனுப்பப் பார்க்கும் மூப்பரிடம் இந்த மூன்று வசனங்களையும் காட்டுங்கள்.