600 குதிரைசக்தி கார்வெட்டுக்கு ரப்பர் கப்ளரா, அலுமினியமா?

கேள்வி கேட்ட தம்பி துபாயில் இருக்கிறார். வண்டி 2008 கார்வெட், அமெரிக்க ஸ்போர்ட்ஸ் கார், சி6 என்கிற ஆறாவது தலைமுறை, மானுவல். இன்ஜினுக்குள் காற்றைத் திணிக்கும் சூப்பர்சார்ஜர் வைத்து 600 குதிரைசக்திக்கு ஏற்றியிருக்கிறார். முன்னால் இருக்கும் இன்ஜினையும் பின்னால் இருக்கும் கியர்பாக்ஸையும் இணைக்கும் குழாய்தான் டார்க் ட்யூப். அதற்குள் ஷாஃப்ட்டை இணைக்கும் ரப்பர் கப்ளர் இரண்டும் வெடித்துவிட்டன. திரும்பவும் கம்பெனி ரப்பரே போடுவதா, பாலியூரித்தேனா, முழு அலுமினியமா என்று கேட்கிறார்.

நான் கீழக்கரைக்காரன். ஷார்ஜா இண்டஸ்ட்ரியல் ஏரியாவில் ஒரு கராஜில் 11 வருஷம் இருந்துவிட்டு ஊரோடு வந்துவிட்டேன். இப்போது மண்டபத்தில் மச்சானோடு விசைப்படகு இன்ஜின் வேலை. கார்வெட்டைக் கண்ணால் பார்த்தே சில வருஷம் ஆகிறது. ஆனால் கப்ளிங் ரப்பர் வாரத்துக்கு ஒன்றாவது கைக்கு வருகிறது. அதனால் படகும் காரும் கலந்துதான் பதில் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ரோட்டில் ஓட்டுகிற வண்டி என்றால் புது கம்பெனி ரப்பரே போடுங்கள். ட்ராக் ரேஸுக்கு, ஒட்டிப் பிடிக்கும் ஸ்லிக் டயரோடு போகிற வண்டி என்றால் மட்டும் அலுமினியத்தை யோசிக்கலாம். ஏன் என்பதற்குத்தான் மிச்சமெல்லாம்.

கடையில் போய் நின்றால் முதலில் குதிரைசக்தியைத்தான் கேட்பார்கள். கப்ளருக்கு அந்தக் கணக்கு தெரியாது. அதற்குத் தெரிந்தது டார்க்கும் (முறுக்கு விசை) உதறலும்தான். கப்ளர் வண்டியில் எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பி.எம்.டபிள்யூ மாதிரி வண்டிகளில் இதே வேலை செய்யும் ரப்பர் வட்டு கியர்பாக்ஸுக்குப் பின்னால் இருக்கும். இன்ஜின் 500 நியூட்டன் மீட்டர் கொடுத்தால், முதல் கியர் அதை ஐந்து மடங்காக்கினால், வட்டின் மேல் 2,500 வந்து விழும். கார்வெட்டில் சி5 காலத்திலிருந்து, அதாவது 1997 மாடலிலிருந்து, சி7 வரை கியர்பாக்ஸ் பின்னால் டிஃபரன்ஷியலோடு உட்கார்ந்திருக்கிறது. நடுவில் டார்க் ட்யூப், அதற்குள் ஷாஃப்ட், ஷாஃப்ட்டின் இரண்டு முனையிலும் கப்ளர். கியர் பெருக்குவதற்கு முந்தைய டார்க்தான் அதற்கு வருகிறது. உங்கள் எல்.எஸ்.3 இன்ஜினுக்குக் கம்பெனி சொல்லும் கணக்கு 430 குதிரைசக்தி, சுமார் 575 நியூட்டன் மீட்டர். சூப்பர்சார்ஜருக்குப் பிறகு அது கூடியிருக்கும், ஆனாலும் பி.எம்.டபிள்யூ வட்டு வாங்கும் அடிக்குப் பக்கத்தில்கூட வராது.

அப்படியென்றால் ஏன் வெடிக்கிறது? ஒன்று, உதறல். எட்டு சிலிண்டர் இன்ஜின் ஒரு சுற்றுக்கு நான்கு முறை வெடிக்கும். ஐடிலில் 700 சுற்று என்றால் வினாடிக்கு ஏறக்குறைய 47 தட்டு. ஃப்ளைவீல் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும், மிச்சத்தை அந்த ரப்பர்தான் வாங்க வேண்டும். இன்னொன்று சூடு. டார்க் ட்யூப் ஓடும் அதே டன்னலின் அடியில்தான் சைலன்சர் குழாய்களும் ஓடுகின்றன. ஜூலை மாதத்து துபாய் வெயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் கழற்றிய பழைய கப்ளர்களில் பாதிக்கு மேல் முறுக்கில் கிழிந்தவை இல்லை, வெந்து காய்ந்தவை. போல்ட் நுழையும் உலோகக் குழலை புஷ் என்போம், அதைச் சுற்றி நகத்தால் கீறினால் கருவாட்டுத் தோல் மாதிரி உரிந்து வரும்.

அலுமினியக் கதைக்கு வருகிறேன், அது என் கையால் நடந்தது. சி6 வைத்திருந்த ஒருவர் "இனி வெடிக்கவே கூடாது காக்கா" (எங்கள் பக்கம் காக்கா என்றால் அண்ணன்) என்று கேட்டு, இரண்டு முனையிலும் அலுமினியம் போடச் சொன்னார். போட்டேன். வண்டியை ஸ்டார்ட் செய்தால் பின்னால் தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குகிற சத்தம். கிளட்சை மிதித்தால் நின்றுவிடும், விட்டால் திரும்ப வரும். மானுவல் கார்வெட்டில் கிளட்ச் முன்னால் இன்ஜினோடு இருப்பதால், மிதித்ததும் ஷாஃப்ட்டுக்குப் போகும் தட்டு நின்றுவிடுகிறது. விட்டால் 47 தட்டும் நேராக கியர்பாக்ஸ் பல்லில் போய் விழுகிறது. மூன்றே வாரத்தில் வந்து நின்றார். பின்பக்கத்தைத் தாங்கும் சட்டமான க்ரேடிலை இறக்கி, கியர்பாக்ஸை இறக்கி, ட்யூபை உருவி, மறுபடி ரப்பர். இரண்டாவது தடவைக்குக் கூலி வாங்க எனக்கு மனசு வரவில்லை.

சத்தத்தைக்கூட பொறுத்துக்கொள்ளலாம். கிளட்சைப் பட்டென்று விட்டால் வரும் அடி எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். சாதா டயர் என்றால் வழுக்கி அதைக் கரைத்துவிடும். ஸ்லிக் வழுக்காது, அடி முழுக்க ரப்பருக்குத்தான் போகும், அதனால்தான் அங்கே மட்டும் அலுமினியத்தை யோசிக்கலாம் என்றேன். ஆனால் ரப்பரும் இல்லை என்றால் அடுத்து இருப்பது கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட், டிஃபரன்ஷியல். கப்ளர் விலையையும் அவற்றின் விலையையும் நீங்களே பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பாலியூரித்தேன் நடுவில் நிற்கிற சரக்கு. முறுக்கு தாங்கும், எண்ணெய் பட்டாலும் ஊறாது. ஆனால் ரப்பரை விடக் கடினம், சத்தம் கொஞ்சம் கூடும். எனக்கு அதில் பெரிய பகையும் இல்லை, பெரிய காதலும் இல்லை.

ஒரு விஷயம் இடையில். பி.எம்.டபிள்யூ மெக்கானிக்குகள் இந்த வட்டை ஜூபோ என்பார்கள். அன்டோனியோ போஸ்கி என்ற இத்தாலிய இன்ஜினியர் பைரெல்லி கம்பெனியில் இருந்தவர். மூட்டுக்கு இத்தாலியில் ஜூண்டோ, அதோடு போஸ்கியைச் சேர்த்து ஜூபோ ஆக்கிவிட்டார்கள். அவரும் மனைவியும் வாங்கிச் சேர்த்த ஓவியங்களோடு மிலானில் அவர்கள் வாழ்ந்த வீடு இன்று மியூசியம். கப்ளர் காசில் ஓவியம் வாங்கினாரா என்று என்னைக் கேட்காதீர்கள்.

சரி, மாட்டுகிற கதை. எதைப் போட்டாலும் நேர்க்கோடு தவறினால் சாகும். இங்கே ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகுகளைக் கரையேற்றி எல்லா வேலையும் அப்போதுதான் நடக்கும். ஊருக்கு வந்த புதிதில் ஒரு படகுக்குக் கரையிலேயே வைத்து, இரண்டு ஃப்ளாஞ்சுக்கும் (இணைப்புத் தட்டு) நடுவில் ஃபீலர் கேஜ் என்ற மெல்லிய அளவுத் தகட்டை விட்டு, சுற்றிலும் ஒரே இடைவெளி பார்த்து, புது ரப்பர் மாட்டினேன். கடலில் இறக்கிய இரண்டாவது வாரம் கப்ளிங்குக்குக் கீழே மை கொட்டியது மாதிரி கறுப்புப் பொடி. கட்டையில் நிற்கும்போது இருக்கிற அடிவளைவு வேறு, தண்ணீரில் மிதக்கும்போது வேறு. மச்சான் சிரித்துவிட்டு, "மிதக்க விட்டுப் பாருங்க" என்றான். இப்போது கரையில் ஒரு தடவை, தண்ணீரில் ஒரு தடவை பார்க்கிறோம்.

உங்கள் வண்டியில் அதற்குச் சமமானது இன்ஜின் மவுண்ட், கியர்பாக்ஸ் மவுண்ட், ட்யூபுக்குள் இருக்கும் பேரிங். மவுண்ட் தளர்ந்திருந்தால் புது கப்ளர் வீண். பேரிங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள், சொரசொரப்பு இருந்தால் இப்போதே மாற்றுங்கள், இத்தனை இறக்கிய பிறகு அதை விடுவது மடத்தனம். கிளட்சும் அப்படித்தான். கப்ளர் இரண்டையும் ஜோடியாக மாற்றுங்கள், போல்ட் புதிது போடுங்கள், கழற்றும் முன் ஷாஃப்ட்டிலும் ஃப்ளாஞ்சிலும் பெயிண்டால் அடையாளம் வையுங்கள். முறுக்கும்போது ஃப்ளாஞ்ச் பக்கத்தைச் சுற்றுங்கள், ரப்பர் பக்கத்துத் தலையை ஸ்பேனரால் அசையாமல் பிடியுங்கள். இல்லாவிட்டால் புஷ்ஷோடு ரப்பரும் முறுகி, பிறக்கும்போதே கிழிசலோடு பிறக்கும். வாங்கும்போது தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். ஆறேழு வருஷம் ஷெல்ஃபில் கிடந்த ரப்பர், பெட்டி பிரிக்காவிட்டாலும் பழசுதான். அரை விலைக்கு வரும் போலியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாக, கழற்றிய கப்ளர்களை எறிந்துவிடாதீர்கள். சுற்றிலும் ஒரே மாதிரி வெடித்திருந்தால் சூடும் வயதும். ஒரு போல்ட்டைச் சுற்றி மட்டும் பிளந்திருந்தால் அந்த போல்ட் தளர்ந்திருந்தது, அல்லது கோடு தவறியிருந்தது. ரப்பர் புதுசு போல இருந்து உள்ளே இருக்கும் நூல் அறுந்து புஷ் வெளியே வந்திருந்தால்தான் உங்கள் சூப்பர்சார்ஜரைக் குறை சொல்ல வேண்டும். அந்த மூன்றாவது ரகம் என்றால் ஒரு போட்டோ போடுங்கள் தம்பி, அப்போது அலுமினியத்தைப் பற்றி மறுபடி பேசலாம்.