பிள்ளையைத் தூக்குவது – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான்கு வருடப் பி.பி.டி. (பிசியோதெரபி பட்டப்படிப்பு) முடித்து, காரைக்குடியில் இன்டர்ன்ஷிப்பில் இருக்கிறேன். இந்த மாதம் குழந்தைகள் பிரிவு. காலை எட்டரைக்குப் பாய், பந்து எல்லாம் துடைத்து வைப்பதில் நாள் தொடங்கும். ஒன்பது மணிக்கு ஓ.பி. வளைந்த பாதத்துக்கு வாராவாரம் மாவுக்கட்டு மாற்ற வரும் கைக்குழந்தை, கழுத்து நிற்காத எட்டு மாதக் குழந்தை, அப்புறம் புதுவயல் பக்கமிருந்து வரும் மூன்று வயதுப் பையன். மூளை முடக்குவாதம், இரண்டு காலும் இறுக்கம். வாரம் இரண்டு முறை, முக்கால் மணி நேரம். நான் தொட்டாலே அழுவான். அவன் அப்பத்தா, “பிள்ளைய ஏன் இப்படி வதைக்கிறே?” என்று என்மேல் பாய்வார். அரிசி மில் வேலைக்குப் போகும் அவன் அம்மாவிடம் வீட்டில் செய்ய ஆறு பயிற்சிகள் எழுதிக் கொடுத்தேன். ஒன்றைக்கூடச் செய்வதில்லை. அக்கறையே இல்லை. சாயங்காலம் கேஸ் ஷீட் எழுதி, சாரிடம் திட்டு வாங்கி, ஹாஸ்டல் போக ஏழாகிவிடும். ஊரில் என்னை ‘மசாஜ் போடுற பொண்ணு’ என்கிறார்கள். இதை விட்டுவிட்டு விளையாட்டுப் பிசியோதெரபி பக்கம் போய்விடலாமா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள மகளுக்கு,

என் சித்தப்பா மகனைப் பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருந்தது. உங்கள் கடிதம் அதைக் கிளறிவிட்டது.

மசாஜ் என்பவர்கள் சொல்லிவிட்டுப் போகட்டும். சார் திட்டுவதும் பெரிய விஷயமில்லை. மூன்று வயதுப் பிள்ளை புது இடத்தில், புது ஆள் தொட்டால் அழத்தான் செய்வான்.

ஆனால் ‘அக்கறையே இல்லை’ என்று எழுதினீர்களே, அதை என்னால் விட முடியாது. நடக்காத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, மாமியாரையும் கூட்டிக்கொண்டு, பஸ் ஏறி வாரம் இரண்டு முறை வருகிறார் அந்தப் பெண். வந்த நாளுக்கு மில் கூலி போயிற்று. திரும்பிப் போய் உலை வைக்க வேண்டும். இதற்கு மேல் என்ன அக்கறை வேண்டும் உங்களுக்கு? அவர் வீட்டைப் பார்த்திருக்கிறீர்களா? பிள்ளை எங்கே படுக்கிறான், எதில் சாய்ந்து சாப்பிடுகிறான், யார் குளிப்பாட்டுகிறார்கள் என்று கடிதத்தில் ஒரு வரி இல்லை. எதுவும் தெரியாமல் ஆறு பயிற்சி எழுதிக் கொடுத்துவிட்டு, செய்யவில்லை என்று கோபம் வேறு.

கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரத்துக்கு 168 மணி நேரம். உங்கள் பாயில் அவன் இருப்பது ஒன்றரை மணி நேரம். மிச்சமெல்லாம் வீட்டில்தான். மூளையில் பட்ட சேதம் கூடுவதில்லை, ஆனால் பிள்ளை வளர்கிறானே. எலும்பு நீள்கிற வேகத்துக்கு இறுகிய தசை ஈடு கொடுக்காது. தொடையின் உள்பக்கத் தசை இழுத்து இழுத்து, இடுப்பு மூட்டையே மெல்ல நகர்த்திவிடும். உங்களுக்கு இது பாடத்தில் இருக்கிறது. நான் எங்கள் வீட்டில், அந்தச் சித்தப்பா மகனிடம் பார்த்தேன்.

பள்ளத்தூரில் பழைய வீடு. முகப்பிலிருந்து வளவு, வளவிலிருந்து இரண்டாம் கட்டு, எங்கே போனாலும் ஒரு நிலைப்படி. ஆத்தங்குடிக் கல் வழுக்கும், விழுந்துவிடுவான் என்று தம்பியைத் தரையில் விடவே மாட்டார்கள். ஆள் மாற்றி ஆள் தூக்குவோம். அதுவும் கைக்குழந்தையை ஏந்துகிற மாதிரி, இரண்டு காலையும் ஒன்றாகச் சேர்த்து. நாலு வயதில் அவன் கால்கள் கத்தரிக்கோல் மாதிரிப் பின்னிக்கொண்டன. வெளியூர் டாக்டர் ஒருவர் முகத்தைக்கூட நிமிர்த்தாமல், “நடக்க மாட்டான், வச்சுப் பாத்துக்குங்க” என்று அனுப்பிவிட்டார்.

அப்புறம் வீட்டுக்கு வந்தவர் ஒரு பிசியோதெரபிஸ்ட். உங்களைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருந்திருப்பார். அவர் எதையும் எழுதித் தரவில்லை. வளவில் உட்கார்ந்து, நாங்கள் அவனை என்னவெல்லாம் செய்கிறோம் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு எங்கள் அப்பத்தாவிடம், “ஆச்சி, பிள்ளைய இடுப்புல வச்சுத் தூக்குங்க, ரெண்டு காலையும் அகட்டி” என்றார். எப்படியும் தூக்கத்தான் போகிறார்கள், அப்படித் தூக்கும்போதெல்லாம் அந்த இறுகிய தசை விரிந்து கொடுக்கும். அதற்கென்று தனி நேரம் வேண்டாம். இரண்டு சுவரும் சேர்கிற மூலையில் அவனை உட்கார வைத்தார். முதுகுக்கும் தோளுக்கும் தாங்கல் கிடைத்ததால் கை இரண்டும் விளையாட விடுபட்டன. மாவுருண்டைச் சம்புடத்தை அவன் மடியில் கொடுக்காமல் விசுப்பலகை மேல் வைக்கச் சொன்னார்.

ஒரு நாள் பலகையின் விளிம்பை விரல் வெளுக்கப் பற்றி, குதிகால் தரையில் படாமல், முட்டி நடுங்க நடுங்க எழுந்தான். மூக்கு ஒழுகியது, துடைக்க விடவில்லை. அப்பத்தா தூக்க ஓடினார். அந்தப் பிசியோதெரபிஸ்ட் கையை நீட்டித் தடுத்தார். சம்புடத்தின் மூடியைத் தள்ளி உருண்டையை எடுத்தது அவனேதான்.

இன்றைய ஆய்வுகளும் இதைத்தான் சொல்கின்றன. அடுத்தவர் காலைப் பிடித்து நீட்டிவிடுவதைவிட, பிள்ளை தனக்கு வேண்டிய ஒன்றுக்காகத் தானே முயன்று, திரும்பத் திரும்பச் செய்வதே பலன் தருகிறது. 2021-ல் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது, வீடு தேடி வரும் சேவைகளில் பிசியோதெரபியையும் சேர்த்தார்கள். உங்கள் துறை வீட்டுக்குள் போய்விட்டது. நீங்கள்தான் பாயை விட்டு எழாமல் இருக்கிறீர்கள்.

அந்தப் புதுவயல் பையனின் அப்பத்தாவை விரோதியாகப் பார்க்காதீர்கள். காலை நீட்டி உட்கார்ந்து, பிள்ளையைக் காலில் போட்டு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டிய கை அது. எண்ணெய் தேய்த்தால் இந்த இறுக்கம் போகாது, இது மூளையிலிருந்து வருவது. அதை அவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். ஆனால் அவர் தொட்டால் பையன் அழமாட்டான். அடுத்த முறை அவர் மடியிலேயே அவன் இருக்கட்டும். நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, கையை எங்கே வைக்க வேண்டும் என்று மட்டும் சொல்லிக் கொடுங்கள்.

தம்பி இப்போது தேவகோட்டையில் ஒரு கடையில் கணக்குப் பார்க்கிறான். வாக்கர் பிடித்துத்தான் நடக்கிறான். தன் சட்டையைத் தானே போட்டுக்கொள்கிறான், கடைப் படியைத் தானே ஏறுகிறான்.

விளையாட்டுப் பிசியோதெரபி பற்றி இன்டர்ன்ஷிப் முடிந்ததும் யோசிக்கலாம், ஒன்றும் ஓடிப்போகாது. முதலில் அந்த ஆறு பயிற்சித் தாளைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். சாரிடம் கேட்டுக்கொண்டு, மில் லீவு விடும் ஒரு நாளாகப் பார்த்து அவர்கள் வீட்டுக்குப் போய் வாருங்கள். பையனுக்குத் தின்ன என்ன பிடிக்கும் என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.